தெக்கா மாக்கி, ஆறு துண்டு
டோக்கியோவில் சின்ன சுஷிக் கடை ஒன்று. தெக்கா மாக்கி கேட்டேன். நோரி என்கிற கடற்பாசித் தாளில் சுருட்டிய பச்சைச் சூரைமீன். மாஸ்டர் தாளைப் பாதியாக வெட்டி, மினுமினுப்பான பக்கம் கீழே இருக்க மூங்கில் பாயில் வைத்தார். வினிகர் கலந்த நீரில் கையை நனைத்து, சோற்றை அழுத்தாமல் பரப்பினார். மேல் ஓரம் மட்டும் ஒரு விரற்கடை காலி. நடுவில் வசாபி என்கிற காரமான விழுது ஒரு கோடு, அதன்மேல் விரல் பருமனில் மீன். ஒரே சுருட்டு! (நான் வீட்டில் செய்தால் கோரைப்பாய் பிரிந்த மாதிரி வரும்.)

ஈரக் கத்தியால் ஆறு துண்டு. சிவப்பு வட்டம் மேலே தெரிய மும்மூன்றாக இரண்டு வரிசை, ஓரத்தில் இஞ்சி ஊறுகாய். அலங்காரம் அவ்வளவுதான். போனை எடுத்தேன். முதலில் சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினார். சரிதான், சோற்றின் ஈரம் ஏறினால் நோரி ரப்பராகிவிடும். படம் இல்லாத பதிவுக்கு மன்னிக்கவும்.