சிந்தியின் ‘க்ஹரு’

இன்றைய பாகிஸ்தானின் சிந்துப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட சிந்தி வணிகக் குடும்பங்கள் கொழும்பில் பல தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களுடைய தாய்மொழியில் வீட்டுக்குப் பெயர் ‘க்ஹரு’. இதை ‘கரு’ என்று எழுதிவிட்டால் சொல் பிழைத்துப்போகும். முதல் எழுத்தோடு மூச்சும் வெளியே வரவேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொன்னால் காற்றுப் படவேண்டும். சிங்களப் பழக்கம் இங்கே கைகொடுக்காது. சிங்கள எழுத்தில் மகாப்பிராணம், அதாவது மூச்சோடு ஒலிக்கும் எழுத்து, உண்டு, பேச்சில் அந்த வேறுபாடு இல்லை. சிந்தியிலோ ஒலிப்புள்ள ககரம் மட்டும் மூன்று வகை: சாதாரணமானது, மூச்சோடு வருவது, காற்றை உள்ளே இழுத்துச் சொல்வது. உள்ளிழுக்கும் ககரத்தைப் போட்டு ‘கரோ’ என்றால் பாரமானது என்று பொருள்.

கடைசி உகரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹிந்தியில் ‘க்ஹர்’ என்றே நிற்பதால் வரும் பழக்கம் அது. அரபு வழி வந்த 52 எழுத்துச் சிந்தி முறையில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. அதனால் எழுத்திலும் அந்த உகரம் கண்ணில் படாது. ஹிந்திக்கு வழங்கும் தேவநாகரி எழுத்தில் எழுதினால் தெரியும். நம் ‘வீடு’ என்ற சொல்லின் குற்றியலுகரம் போல அது வெறும் ஓசைத்துணை அல்ல. ஆண்பால், ஒருமை, எழுவாய் என்று மூன்றையும் அதுவே சொல்கிறது. சிந்திக்கு முந்திய மொழிநிலையான அபப்பிரம்சத்தில் இருந்த இந்த உகர ஈற்றைச் சிந்தி இன்னும் விடாமல் வைத்திருப்பதுதான் அதன் பெரிய அழகு. வேற்றுமை ஏறினால் ஈறு மாறும்: ‘க்ஹர மேங்’ என்றால் வீட்டில். அங்கே ‘க்ஹரு மேங்’ என்பது பிழை.

பிறப்பைப் பற்றி ஆய்வாளரிடையே இரண்டு கருத்துகள் உண்டு. சமஸ்கிருத ‘க்ருஹ’தான் மூலம் என்பது ஒன்று, கிரகப்பிரவேசத்தில் நாம் சொல்வதும் அதே சொல். ஆனால் ‘க்ருஹ’ பாளியில் ‘கஹ’ என்றுதான் மாறியது. ‘கஹபதி’ என்றால் வீட்டுத்தலைவன். ‘க்ஹர’ வரவேண்டுமானால் ஹகரம் இடம்பெயர்ந்து முன்னால் போய் ஒட்டியிருக்கவேண்டும். மொழியியலாளர் ரால்ஃப் டர்னர் வேறு வழி சொன்னார்: வெப்பம், நெருப்பு என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து அடுப்படி, அதிலிருந்து வீடு. ஒலிமாற்றத்தை வளைக்காமல் விளக்குவதால் இதுவே எனக்கு வலுவாகப் படுகிறது. கொழும்பின் காலி வீதியில் நாள்தோறும் காதில் விழும் சிங்கள ‘கே’, வீடு என்று பொருள்படும் பாளி ‘கேஹ’வுக்கு உறவான சொல். அதையும் ‘க்ஹரு’வையும் அவசரப்பட்டு ஒரே சொல் என்று முடிச்சுப் போடக்கூடாது.

‘க்ஹரு’ எல்லா வகை வீட்டுக்கும் பொதுப்பெயர். தார்ப் பாலைவனத்தில் கூம்புக்கூரை போட்ட வட்டக் குடிசை ‘சௌன்ரோ’. மேய்ச்சல்காரரின் கூரைக்குடில்கள் ‘பக்கா’. சிந்திக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃபின் (1689–1752) பாடல்களில், உமர்கோட் கோட்டையில் சிறைப்பட்ட கதைநாயகி மாருவி ஏங்குவது அவற்றுக்காகத்தான். ஆண் விருந்தினர் வந்து தங்கும் புறக்கட்டு ‘ஓத்தாக்’. அது துருக்கிய வழிச் சொல். ‘க்ஹர்வாரி’ என்றால் மனைவி. ஒருவரிடம் அவருடைய ‘க்ஹர்வாரி’ எங்கே என்று கேட்டால், நீங்கள் விசாரிப்பது அவர் மனுசியை, விலாசத்தை அல்ல.