"மருந்து தீரும்வரை போடுங்க" என்றார்கள்: ஸ்டீராய்டு களிம்போடு ஒரு மல்லுக்கட்டு

தோல் மருத்துவர் மீது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. கணுக்காலில் சொறிந்து சொறிந்து தடித்துக் கருத்துப்போனது நாள்பட்ட எக்ஸிமா, அதாவது தோல் அழற்சி, என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார். கழுத்தோரம் லேசாகச் சிவந்திருந்ததும் அதே வகைதான் என்றார். காலுக்குக் குளோபிடாசால் 0.05 சதவீத ஆயின்ட்மென்ட், கழுத்துக்கு ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீத க்ரீம். இரண்டுமே ஸ்டீராய்டுகள், இரண்டும் சரியான மருந்துகள். பிரச்சினையெல்லாம் சீட்டை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

சீட்டில் இருந்தது இவ்வளவே: "மெல்லியதாகத் தடவவும், தினம் இருவேளை." மெல்லியது என்றால் எவ்வளவு? எத்தனை நாளைக்கு? இரண்டுமே இல்லை.

மருந்துக்கடையில் இருந்த பையன் உள்ளே போய் ஒரு டியூபை எடுத்து வந்து வைத்தான். பெயர் சீட்டில் இருந்த அதே பெயர்தான், ஆனால் வாலில் இரண்டு எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. டப்பாவைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படித்தேன். குளோபிடாசாலோடு நியோமைசின், மைக்கோனசோல் என்று இன்னும் இரண்டு. அதாவது ஸ்டீராய்டு, பாக்டீரியா மருந்து, பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த க்ரீம்.

"சீட்டுல இது இல்லையே?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். இது இன்னும் நல்லா கேக்கும்."

ஒன்றில்லை. எனக்குப் பூஞ்சைத் தொற்றும் இல்லை, பாக்டீரியாத் தொற்றும் இல்லை. தேவையில்லாத இரண்டு மருந்தை வெடித்த தோலில் எதற்குப் பூச வேண்டும்? அதிலும் நியோமைசின், தோலில் ஒவ்வாமை கிளப்புவதில் பெயர் பெற்றது. எக்ஸிமா இருக்கிற இடத்தில் அந்த ஒவ்வாமை வந்தால், நோய் கூடிவிட்டதா மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. போதாததற்கு மருத்துவர் எழுதியது ஆயின்ட்மென்ட், இவன் கொடுத்தது க்ரீம். ஆயின்ட்மென்ட் எண்ணெய்ப் பசையாக, பிசுபிசுப்பாக இருக்கும். தடித்து வறண்ட தோலுக்கு அதுதான் பொருத்தம், மருந்தும் நன்றாக உள்ளே இறங்கும். க்ரீமில் தண்ணீர் உண்டு. அது கெடாமல் இருக்கப் பாதுகாப்புப் பொருள் சேர்ப்பார்கள், வெடிப்பில் பட்டால் எரியும். ஈரம் கசிகிற இடத்துக்கு க்ரீம், தலைமுடிக்குள் என்றால் லோஷன். பேருக்காக மாற்றி மாற்றி எழுதுவதில்லை.

வேண்டாம் என்றேன். வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். சொன்ன நாளில் போனால் வரவில்லை. அந்த நடை வீண். ஒருவழியாக வந்தபோது 30 கிராம் டியூப். சின்னது இல்லையா என்று கேட்டதற்கு, "பெருசுதான் மேடம் லாபம்" என்று பதில். அந்த லாபம் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஸ்டிக்கர். இரண்டு டப்பாவிலும் "தினம் 2 வேளை" என்று ஒரே மாதிரி ஒட்டியிருந்தார்கள். எது காலுக்கு, எது கழுத்துக்கு என்று எதிலும் இல்லை. கேட்டேன். பையன் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தான். அப்புறம் ரொம்ப நிதானமாகச் சொன்னான்: "இது ஒரு பர்சன்ட், ஸ்ட்ராங்கு. இது 0.05 தான், மைல்டு. மைல்டை கழுத்துக்குப் போடுங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சதவீதம் என்பது அந்த டியூபில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். வெவ்வேறு ஸ்டீராய்டுகளை அந்த எண்ணை வைத்து ஒப்பிடவே முடியாது. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை வீரியத்தை வைத்து அமெரிக்க முறையில் ஏழு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பு ஆக வீரியமானது, ஏழாவது ஆக மென்மையானது. குளோபிடாசால் 0.05 சதவீதம் முதல் வகுப்பு. ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம் ஏழாவது. பையன் சொன்னதைக் கேட்டு நடந்திருந்தால், இருப்பதிலேயே கடுமையானது கழுத்தின் மெல்லிய தோலுக்கும், இருப்பதிலேயே சாதுவானது யானைத்தோலாகத் தடித்துக் கிடந்த கணுக்காலுக்கும் போயிருக்கும்.

எந்த இடத்தில் பூசுகிறோம் என்பது சின்ன விஷயமில்லை. ஹைட்ரோகார்டிசோன் உடம்பின் எந்தெந்த இடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று 1967-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். முன்கையில் இறங்குவதை 1 என்று வைத்தால், நெற்றியில் 6 மடங்கு, தாடையில் 13, விரைப்பையில் 42. உள்ளங்காலிலோ ஏழில் ஒரு பங்குதான். முகம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வீரிய ஸ்டீராய்டைத் தானாகப் பூசவே கூடாது என்பது இதனால்தான். கண்ணிமை இன்னும் மோசம். அங்கே தொடர்ந்து பூசினால் கண்ணில் அழுத்தம் கூடலாம், புரை விழலாம்.

வீட்டுக்கு வந்ததும் மார்க்கரால் ஒரு டியூபில் "கால்" என்றும் மற்றதில் "கழுத்து" என்றும் பெரிதாக எழுதினேன். டப்பாவில் எழுதிப் பயனில்லை, டப்பா இரண்டாம் நாளே காணாமல் போய்விடும். இன்னொன்று: காலாவதித் தேதி பெரும்பாலும் டியூபின் மடித்த அடிப்பகுதியில்தான் அச்சாகியிருக்கும். கீழிருந்து சுருட்டிக்கொண்டு வந்தால் முதலில் மறைவது அதுதான். திறப்பதற்கு முன்பே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் டப்பாவில் கடைக்காரர் ஸ்டிக்கரை உள்ளடக்கத்தின் மேலேயே ஒட்டியிருந்தார், நகத்தால் சுரண்டித்தான் படித்தேன்.

அளவுக்கு விடை அதே கடையில் மாலையில் இருக்கும் மருந்தாளுநர் அம்மாவிடம் கிடைத்தது. (பையனிடம் கேட்காமல், மருந்தாளுநர் இருக்கும் நேரம் எது என்று விசாரித்துப் போவது நல்லது. இரண்டு பேருக்கும் வெள்ளைக் கோட்டுதான், பேச்சில்தான் வித்தியாசம் தெரியும்.) அவர் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு. சுமார் அரை கிராம், பெண்கள் விரலுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். டியூப் வாய் 5 மில்லிமீட்டர் இருக்கும் என்று வைத்துச் சொல்லும் கணக்கு இது. வாய் சிறுத்த டியூப் என்றால் கோடும் மெலிந்துதான் வரும். குழந்தைக்குப் பூசினாலும் அளப்பது பெரியவர் விரலால்தான்.

என் கணுக்காலில் ஒரு கை அகலம்தான். ஆக ஒரு வேளைக்கு அரை விரல்நுனி, கால் கிராம். ஒரு நாளைக்கு அரை கிராம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசும் நாள்கள் சுமுகமாகவே போயின. குளித்துத் துடைத்து, பூசி, கை கழுவி, அவ்வளவுதான். மாய்ஸ்சரைசருக்கும் ஸ்டீராய்டுக்கும் நடுவில் அரைமணி நேரம் விடச் சொன்னார்கள், இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று கலந்து மருந்து நீர்த்துப்போகும், தேவையில்லாத இடத்துக்கும் பரவும். மாய்ஸ்சரைசர் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: பாரஃபின் போன்ற எண்ணெய்ப்பசை உள்ளவை துணியில், படுக்கை விரிப்பில் ஊறிவிட்டால் அந்தத் துணி சட்டென்று தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. அடுப்புப் பக்கம் போகும்போது கவனம்.

"மேலே பிளாஸ்டிக் சுத்திட்டுப் படு, ஒரே ராத்திரில போயிடும்" என்று சித்தி ஒரு யோசனை சொன்னார். போகும், தோலும் சேர்ந்து போகும். காற்றுப் புகாமல் மூடினால் மருந்து உள்ளே இறங்குவது பத்து மடங்கு வரைகூடக் கூடலாம். மருத்துவர் சொன்னால் மட்டுமே மூட வேண்டும். குழந்தையின் டயப்பரும் ஒரு மூடிதான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இனி அந்த "தீரும்வரை" கதை. அரிப்பு அடங்கி, தடிப்பும் குறையத் தொடங்கியது. எப்போது நிறுத்துவது? கிளினிக்குக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்தவர் யாரையும் கேட்காமல், "மருந்து தீரும்வரை போடுங்க, கோர்ஸை பாதில நிறுத்தக்கூடாது" என்றார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்றால், நேரில் வரச் சொன்னார். நேரில் போனால் டாக்டர் ஊரில் இல்லை. அது போனில் சொல்ல முடியாத ரகசியமா என்ன?

கோர்ஸை முடிப்பது ஆன்டிபயாடிக்குக்குச் சொல்லும் பேச்சு. இங்கே அந்தப் பேச்சு எடுபடாது. குளோபிடாசாலின் விவரத்தாளிலேயே இருக்கிறது: தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது. இப்போது பழைய கணக்கை எடுங்கள். இரண்டு வாரத்துக்கு எனக்குத் தேவை 7 கிராம். கையில் இருந்தது 30 கிராம். தீரும்வரை பூசியிருந்தால் இரண்டு மாதம்! கடைக்காரர் கொடுத்த "லாபம்" நேராக அங்கேதான் போய் முட்டியிருக்கும். தோல் மெலிந்து பளபளப்பது, சிவப்பு இழைபோல் ரத்தக்குழாய்கள் தெரிவது, வரித்தழும்பு, நிறம் வெளுப்பது, முகத்தில் என்றால் வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக வருவது எல்லாம் இப்படித்தான் தொடங்கும். வரித்தழும்பு வந்தால் மறையாது. நிறைய இடத்தில் நிறைய நாள் பூசினால், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டுகூடக் குறையலாம்.

விடாமல் மறுபடி போனேன். டாக்டர் இருந்தார். அரை நிமிடத்தில் பதில் வந்தது: இரண்டு வாரம் முடிந்ததும் இதை நிறுத்து; வீரியம் குறைந்த வேறொன்றுக்கு மாறு; அப்புறம் அதையும் வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறை. "அதைச் சீட்டில் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்றேன். ஒரு பார்வை பார்த்தார், ஆனால் எழுதினார், நிறுத்த வேண்டிய தேதியோடு. அந்தத் தேதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வரவேற்பில் இருந்தவரிடம் காட்டினேன். சின்னப் புத்திதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் வீரிய ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே டியூபைத் தூக்கிப் போட வேண்டாம். திடீரென்று விட்டால் சிவப்பும் எரிச்சலும் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே காட்டுங்கள். அதேபோல, ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பயந்து பொட்டு வைப்பதுபோல் தொட்டுப் பூசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நோய் அடங்காது, மாதக்கணக்கில் இழுக்கும்.

மிச்சமிருந்த 23 கிராமுக்கு ஒரு வாடிக்கையாளர் வீட்டிலேயே தயாராக இருந்தார்: அண்ணன். அவருக்குத் தொடையில் படர்தாமரை. "உனக்கு நல்லா கேட்டுச்சுல்ல, குடு." கொடுக்கவில்லை. பூஞ்சைத் தொற்றில் ஸ்டீராய்டு பூசினால் முதலில் சிவப்பும் அரிப்பும் குறையும், குணமாகிறது என்றே தோன்றும். உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வட்ட வடிவம் கலைந்துபோய், பிறகு பார்க்கிற மருத்துவருக்கே அது படர்தாமரை என்று அடையாளம் தெரியாமல் போகும். இதையெல்லாம் சொன்னேன். கஞ்சம் என்று பெயர் வாங்கினேன். வேறு மருத்துவரிடம் போய்ப் பூஞ்சை மருந்து வாங்கிப் பூசிச் சரியாகிவிட்டது அவருக்கு. பேச்சு மட்டும் இன்னும் கொஞ்சம் குறைவுதான்.

டியூபை மருந்துக்கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன், அந்த மருந்தாளுநர் அம்மா வாங்கி அழிக்க வைத்துக்கொண்டார். அடுத்த மருந்துக்குச் சின்ன டியூப் வேண்டுமென்று அப்போதே சொல்லிவைத்தேன். இந்த முறை 10 கிராமில் வந்தது, ஸ்டிக்கரில் "கணுக்கால் மட்டும்" என்று கையால் எழுதியிருந்தது.