எம்-சாண்டுக்கு ஓவர்லோட் பெர்மிட் தேடி அலைந்த கதை

ஜல்லி, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரி ஓட்டுகிறவர்களுக்கு முதலில் ஒன்று: நம் சரக்குக்கு ஓவர்லோட் பெர்மிட் என்று ஒன்று கிடையாது. ‘மாசாமாசம் இவ்வளவு, பேப்பர் கைக்கு வந்துடும்’ என்று எந்த புரோக்கர் சொன்னாலும் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் டாரஸ், அதாவது பத்துச் சக்கர டிப்பர் லாரி, ஓவர்லோடோடு ஜிஎஸ்டி ரோட்டில் மாட்டியது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வண்டி எடையும் சேர்த்து 28 டன், எடை மேடையில் 33. அபராதம் 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஆக 30,000 ரூபாய். கட்டியாயிற்று. ஆனால் அதிகப்படி லோடை இறக்கினால்தான் வண்டி நகரும். ரோட்டோரம் கொட்டவும் விடவில்லை. வேறு லாரியில் மாற்றலாமென்றால் நடைச்சீட்டில் (சரக்கைக் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) எங்கள் வண்டி நம்பர்தானே இருக்கிறது? சீட்டில்லாமல் மணலோடு போனால் அந்த லாரியும் மாட்டும். சரக்கு ஏற்றிய கிரஷருக்கு (கல் உடைக்கும் ஆலை) போன் செய்தால், “லோடு ஏத்துனதோட எங்க வேலை முடிஞ்சுது சார்” என்றார்கள்.

கடைசியில் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கெஞ்சி, அவர் மனையில் இறக்கினோம். அதிகாரி பைக்கில் கூடவே வந்தார். டிப்பரைத் தூக்கினால் மொத்தமும் சரிந்துவிடும் என்பதால், மேலே ஏறி மண்வெட்டியால் தள்ள வேண்டியதாயிற்று. கழுவிய ஈரம் காயாத மணல் வேறு. கிடைத்தது பாதி விலை.

அப்புறம் எங்களிடம் மணல் வாங்கும் காண்டிராக்டர், “பெர்மிட் வாங்கிடுங்க” என்றார். ஆர்.டி.ஓ. ஆபீசில் நெடுஞ்சாலைத் துறையைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே போனால் திரும்ப ஆர்.டி.ஓ.வுக்கே விரட்டினார்கள். ஒரு அதிகாரிதான் உட்காரவைத்துச் சொன்னார்: “பிரிக்க முடியாத சரக்குக்குத்தான் தனி அனுமதி. டிரான்ஸ்ஃபார்மர், காற்றாலை இறக்கை மாதிரி. மணலைப் பிரிக்கலாம்ல?” இதை முதல் கவுண்டரிலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

சிக்கலே யூனிட் கணக்கில் ஆர்டர் எடுப்பதில்தான். 100 கன அடி ஒரு யூனிட். எம்-சாண்ட் என்றால் சுமார் நாலரை டன், ஈரமென்றால் இன்னும் கூடும். ஐந்து யூனிட் ஏற்றினாலே, வண்டியின் எடையும் சேர்ந்து பத்துச் சக்கர வண்டி எல்லையைத் தாண்டிவிடும். 2018 ஜூலையில் மூன்று அச்சு (பத்துச் சக்கர) லாரிக்கு 25 டன்னை 28.5 ஆக்கினார்களே என்று வாதாடாதீர்கள், உங்கள் ஆர்.சி.யில் இருப்பதைத்தான் பார்க்கிறார்கள். கிரஷர் கேட்டைத் தாண்டும் முன் எடைச் சீட்டைக் கையில் வாங்கிவிடுங்கள்.

அந்த காண்டிராக்டர் இப்போது டன் கணக்கில்தான் ஆர்டர் கொடுக்கிறார். நடை கூடிவிட்டது, வாடகை ஏறிவிட்டது என்று முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும், அபராதம் வந்தால் அவரா கட்டப்போகிறார்?