பாதிக் குழி

இன்று காலை அச்சிலிருந்து பரிஸ் சாந்தில் வார்த்த மாதிரிப் பாறையை உரித்தெடுத்தபோது, அதன் ஓரத்தில் ஓர் அங்குல அகலத்தில் நேரான பள்ளம் ஒன்று ஓடுவதைக் கண்டேன்.

மாதிரிப் புகையிரதப் பாதைக்காக, இலங்கை மலைநாட்டின் அப்புத்தளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் கிடக்கும் கல்லின் மீது இறப்பர் பாலைப் பல பூச்சுகளாகப் பூசி, இடையில் மெல்லிய துணியை ஒட்டி, நன்றாகக் காயவைத்து எடுத்த அச்சு அது.

சாந்தை நீருக்குள் தூவ வேண்டும். சாந்தின் மேல் நீரை ஊற்றினால் கட்டிபட்டுவிடும். வார்த்த சற்று நேரத்தில் அச்சு கைக்குள் சூடேறும். அந்தச் சூடு தணிந்த பிறகே உரிக்க வேண்டும்.

அந்தப் பள்ளம், வெடிமருந்து வைப்பதற்காகத் துளைத்த குழியின் ஒரு பாதி. புகையிரதப் பாதைக்காக மலையை வெட்டியபோது உடைந்த கல் அது என்று அப்பா சொல்லுவார்.

புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. மலையைக் குடைந்தவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம்மவர் பலர் இருந்தனர். அவர்களுள் எவருடைய கை இந்தக் குழியைத் துளைத்ததோ, அவருடைய பெயர் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது.

87இல் ஒரு பங்கு அளவில் அமைந்த என் பாதையோரத்தில், அந்தப் பள்ளம் ஆளுயரத்தைவிட அகலமாகத் தெரியும். சுரண்டி நிரவிவிடுவதே முறை. கத்தியைக் கையில் எடுத்தேன், பிறகு கீழே வைத்துவிட்டேன்.

நீர்த்த கறுப்பு மையைத் தூரிகையால் தொட்டு வைத்தபோது, அது முதலில் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஓடியது.