ஆமா போட ஓர் ஆள்

1977-ல் நான் எட்டாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் நம் பள்ளிக்கு அந்த ஜூனில் ஒருத்தன் புதிதாக வந்தான். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம். அவன் பூட்டன் அம்பாசமுத்திரத்துக்காரர்தான். அது எங்களுக்கு எங்கே தெரியும்? ரொட்டியை ஒருநாள் ‘பாண்’ என்றான். அதையே பட்டப்பெயராக்கிவிட்டோம். நானும்தான் கூப்பிட்டேன். தீபாவளிக்குள் அவன் பேச்சே நின்றுபோனது.

ஆண்டுவிழா வில்லுப்பாட்டுக்குத் தமிழய்யா ஆள் சேர்த்தார். அவனை வில்லுக்கு முன்னால் உட்காரவைத்து, வீசுகோலைக் கையில் கொடுத்து, “நீ வந்த கதையைச் சொல்லுல” என்றார். ‘ஆமா’ போடுவது என் வேலை. கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் அவன் ஆத்தா தண்ணீருக்கு வரிசையில் நின்ற இடம் வந்ததும் எனக்குக் குரல் எழும்பவில்லை. ஐயா முதுகில் ஒன்று வைத்தார். அப்புறம்தான் வந்தது. (அவன் பெயரை எழுதவில்லை. இந்தக் கட்டுரை வரும் மலர் கைக்குக் கிடைத்தால் அவனுக்கே தெரியும்.)

இப்போது டொரண்டோவில், ஸ்கார்பரோ பக்கம், சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகளோடு நாடகம் போடுகிறோம். பிரேசில்காரர் அகஸ்தோ போவாலின் முறை. ஒரு சிக்கலை, அது முட்டிக்கொண்டு நிற்கும் இடம்வரை நடித்துக் காட்டுவோம். பிறகு முதலிலிருந்து மறுபடி. இந்தத் தடவை பார்ப்பவர் யாரும் “நிறுத்துங்க” என்று சொல்லி மேடையேறி, மாட்டிக்கொண்டவனின் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். இது வைத்தியம் இல்லை. மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்று ஒரு பெண் ஒத்திகையில் சொன்னபோது, நாடகத்தை ஓரங்கட்டிவிட்டு அவள் அம்மாவிடம் பேசி மனநல ஆலோசகரிடம் அனுப்பினோம்.

போன மாதக் காட்சி இது: வீரவநல்லூரிலிருந்து ஆச்சி வீடியோவில் வருகிறாள். “நல்லாருக்கியால?” “நல்லாருக்கேன் ஆச்சி.” உடனே போன் அம்மா கைக்குப் போய்விடும். பள்ளியில் பேச ஆளில்லை, வீட்டில் பேச விருப்பமில்லை, பையன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை பின்வரிசையிலிருந்து ஓர் அப்பா எழுந்தார். தாழையூத்துக்காரர், இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். பையனின் இடத்தில் போய் நின்றார்.

“நல்லாருக்கியால?”

“இல்ல ஆச்சி.”

அதற்குமேல் அவருக்கு ஓடவில்லை. ஆச்சியாக நடித்த பெண்ணும் வசனம் தெரியாமல் விழித்தாள். என்னையறியாமல் கீழேயிருந்து “ஆமா” போட்டுவிட்டேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இங்க வந்த முதல் குளிர்காலத்துல…” என்று தொடங்கினார்.