ஃபோம் ஒட்டி, பிரித்து, மறுபடி தொடங்கிய கதை: அறைக்குள் சத்தம் வராமல் தடுக்க

குரல் பதிவுக்கு ஓர் அறை. பக்கத்து அறையில் டிவி, தெருப்பக்கம் ஜன்னல். 30 செ.மீ. சதுரம், 5 செ.மீ. தடிமனில் 48 ஃபோம் துண்டுகள். ஒட்டி முடித்துக் கை தட்டினால் எதிரொலி சுத்தமாக இல்லை. டிவி மட்டும் அப்படியே கேட்டது. சொல்லப்போனால் முன்பைவிடத் தெளிவாக. அறையின் முழக்கம் அடங்கியதும் வெளியிலிருந்து வருவது தனியாகத் தெரியத் தொடங்கிவிட்டது.

ஃபோமை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வரும். காற்று போகிற இடத்தில் சத்தமும் போகும். உள்ளே சுவரில் மோதித் திரும்புகிற ஒலியை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. அதிலும் 5 செ.மீ. ஃபோம் பேச்சின் மேல்பகுதியைத்தான் நன்றாகப் பிடிக்கும். 100 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், அப்படிப்பட்ட லாரி உறுமலுக்கு இந்தப் பஞ்சு ஒரு பொருட்டே இல்லை. முட்டை அட்டை இதைவிட மோசம்.

கழற்றுவது ஒட்டியதைவிடப் பெரிய வேலை. ஸ்ப்ரே பசை பெயிண்டோடு பட்டியையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மெல்லிய ப்ளைவுட்டில் ஒட்டி, அந்தப் பலகையை ஆணியில் மாட்டுங்கள். தீத்தடுப்புச் சான்று இல்லாத ஃபோமைத் தொடவே வேண்டாம். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் மத்தாப்புப் பொறி சுவரிலிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பற்றி, அந்தத் தீயில் 100 பேர் இறந்தார்கள்.

முதலில் பார்த்திருக்க வேண்டியது கதவு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு மறுபக்கம் டார்ச் அடித்தால் இடுக்கெல்லாம் தெரியும். கதவடியில் 12 மி.மீ. இடைவெளி இருந்தது. 90 செ.மீ. அகலக் கதவுக்கு அது ஓர் உள்ளங்கை அளவு ஓட்டை. பரப்பில் 1% திறந்திருந்தால், மீதி 99% எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலை (ஒலி அளக்கும் அலகு) தாண்டாது. உள்ளே கூடாக இருந்த ஃப்ளஷ் கதவை எடுத்துவிட்டு 35 மி.மீ. கெட்டிக் கதவு, நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் பீடிங், அடியில் கதவு மூடும்போது தானே இறங்கும் டிராப் சீல். முதலில் போட்ட பீடிங் தடிமன் அதிகம், தாழ்ப்பாள் விழவில்லை. அழுத்தினால் பாதியாகச் சுருங்குகிற பீடிங்தான் சரி. ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் லேசாக வந்துவிட்டால் அங்கே அடைப்பு இல்லை.

இதிலேயே டிவி வசனம் முணுமுணுப்பாகிவிட்டது. மிச்சம், சுவர் வழியாக வந்த தாழ்ந்த ஒலி. சுவரில் கனமான வினைல் விரிப்பு ஒட்டலாம் என்று யோசனை வந்தது. கணக்குப் போட்டதும் கைவிட்டோம். நாலரை அங்குலச் செங்கல் சுவர், இருபக்கப் பூச்சோடு சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல். எடை இரட்டிப்பானால்தான் சுமார் 6 டெசிபல் குறையும். விரிப்பு சேர்ப்பது 5 கிலோ.

ஆகவே தனிச் சுவர். பழைய சுவரிலிருந்து 25 மி.மீ. தள்ளி ஸ்டட் (நிற்கும் கம்பங்கள்) சட்டம், அது கூரையையும் தரையையும் தொடும் இடங்களில் ரப்பர் பட்டை, இடையில் 50 மி.மீ. ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு), மேலே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. முதல் அடுக்குக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ, இரண்டாவதற்கு 40. ஓர் அடுக்கின் இணைப்பு அடுத்த அடுக்கின் இணைப்புக்கு நேராக வரக்கூடாது. ஓரம் முழுக்க 5 மி.மீ. விட்டு, இறுகாத அக்ரிலிக் சீலன்ட். பட்டி போட்டு அடைத்தால் காய்ந்து வெடித்துவிடும்.

எல்லாம் முடிந்தும் எதிர்பார்த்த பலன் இல்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சுவரைத் தடவிக்கொண்டே போனால் நான்கு இடங்களில் மட்டும் டிவி தெளிவாகக் கேட்டது. சட்டம் கொஞ்சம் ஆடுகிறது என்று ஃபிட்டர் நல்லெண்ணத்தில் நான்கு எல் கிளாம்ப் வைத்துப் பழைய சுவரோடு முடுக்கியிருந்தார்! தொடாமல் நிற்பதற்காகவே கட்டிய சுவர் அது. அந்த நான்கு இடத்திலும் போர்டை அறுத்து கிளாம்பைக் கழற்றி மறுபடி மூடினோம். போர்டு அடிக்கும் முன் சட்டத்துக்குப் பின்னால் ஓர் அட்டையை மேலிருந்து கீழே விட்டு இழுத்திருந்தால், தட்டுகிற இடம் அப்போதே தெரிந்திருக்கும். ஸ்விட்ச் பாக்ஸுக்குள் வரும் பைப்பின் வாயையும் அடையுங்கள். அது நல்ல ஊதுகுழல்.

ஜன்னலுக்கு உள்பக்கம் 10 செ.மீ. தள்ளி இரண்டாவது கண்ணாடி. பழையது 5 மி.மீ. என்பதால் புதியது 8. இரண்டும் ஒரே தடிமனானால் ஒரே சுருதியில் இரண்டும் கோட்டை விடும்.

இவ்வளவு அடைத்தபின் அறையில் காற்று கிடையாது. ஒரு மணி நேரத்தில் தலை கனக்கும். அதற்கு, வெளிக்காற்று கொண்டுவரும் பைப்போடு சேர்த்து 18 மி.மீ. ப்ளைவுட்டில் பெட்டி செய்து, காற்று மூன்று முறை வளைந்து வரும்படி தடுப்புகள் வைத்தோம். வழியின் குறுக்களவு பைப்பைவிடப் பெரிதாக இருக்கட்டும், இல்லையென்றால் காற்றே சீறும். பெட்டிக்குள் உறிஞ்சும் பொருள் வேண்டும். சுவரிலிருந்து கிழியாமல் தப்பிய ஒன்பது ஃபோம் துண்டுகள் அதற்குச் சரியாக இருந்தன.