மூன்றாவது அத்தியாயத்திலேயே ஓவியத்தைத் திருடிவிட்டேன்

ஒரு வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓவியத் திருட்டும் கொலையும் கலந்த த்ரில்லர். ஆரம்பத்தில் படு வேகம். மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள் என் திருடன் அலாரத்தை ஏமாற்றி, காவலாளியைக் கொன்று, ஓவியத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அப்புறம் ஐந்து மாதமாக ஒரு வாடகை அறையில் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அடுத்து என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சரி, நிஜத் திருடர்கள் என்னதான் செய்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். முதல் அடி அந்தச் 'சுருட்டி'யில் விழுந்தது. பழைய எண்ணெய் ஓவியத்தைச் சுருட்டினால், இறுகிக் காய்ந்த வண்ணம் வெடித்து உதிரும். மோனா லிசாவையோ சுருட்டவே முடியாது, அது பாப்லர் மரப்பலகையில் வரைந்தது. 1911 ஆகஸ்டில் அதை லூவரிலிருந்து தூக்கிய வின்சென்சோ பெருஜா பெரிய சூரன் ஒன்றும் கிடையாது, அங்கே படங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்திருந்த ஆள். மியூசியத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமை சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். காணோம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்ததே மறுநாள்தான். இதை அப்படியே நாவலில் எழுதினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஆனால் அதற்குப் பிந்தைய இரண்டு வருஷத்தைப் பாருங்கள். உலகமே தேடும் படம் பாரிஸில் ஒரு சாதாரண அறையில், ஒரு மரப்பெட்டிக்குள் கிடக்கிறது. 1913 டிசம்பரில் ஒருவழியாக அதை ஃப்ளாரன்ஸுக்குக் கொண்டுபோய் ஒரு கலைப்பொருள் வியாபாரியிடம் காட்டுகிறார். அவர் உஃபிசி அருங்காட்சியக இயக்குநரை அழைத்துவந்து அசல்தான் என்று உறுதி செய்துகொள்கிறார், போலீஸுக்குத் தகவல் போகிறது, கதை முடிந்தது. எடுப்பதற்கு ஒரு காலைப்பொழுது, விற்கப் பார்த்ததற்குக் கைது! பேர்பெற்ற ஓவியத்துக்கு அதன் பேர்தான் பூட்டு. யாரிடம் காட்டினாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

த்ரில்லர்களில் இதற்கு ஒரு ரெடிமேட் விடை உண்டு: பாதாள அறையில் தனியாக உட்கார்ந்து ரசிக்கும் ஒரு மகா பணக்காரன். நானும் முதலில் அவனைத்தான் வைத்திருந்தேன். எழுத எழுத அவன் பொம்மையாகவே இருந்தான், தூக்கிவிட்டேன். நிஜத்தில் நடப்பது இதைவிட அழுக்கானது. 2002இல் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ மியூசியத்திலிருந்து இரண்டு ஓவியங்கள் போயின. 2016இல் அவை கிடைத்தது நேபிள்ஸ் பக்கத்தில், கமோரா மாஃபியாவைச் சேர்ந்த ஒரு போதைப்பொருள் கடத்தல்காரரோடு தொடர்புள்ள வீட்டில். அந்த மாதிரி இடங்களில் ஓவியத்தை யாரும் ரசிப்பதில்லை, அடகுப் பொருள் போலக் கைமாறுகிறது, அல்லது பிடிபட்டால் பேரம் பேச உதவும் என்று பத்திரமாகக் கிடக்கிறது.

பாஸ்டனின் கார்ட்னர் மியூசியக் கதை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, தெரியாதவர்களுக்காக: 1990 மார்ச் 18 நள்ளிரவு தாண்டி, போலீஸ் உடையில் இரண்டு பேர் வந்து கதவைத் திறக்கச் சொல்கிறார்கள், காவலாளியும் திறந்துவிடுகிறார், பணியில் இருந்த இரண்டு காவலாளிகளையும் நிலவறையில் கட்டிப் போட்டுவிட்டு 81 நிமிடம் சாவகாசமாக உள்ளே இருந்துவிட்டு 13 பொருட்களோடு போகிறார்கள். ரெம்பிராண்ட் வரைந்த ஒரே கடல் காட்சியை ஃப்ரேமிலிருந்து அறுத்து எடுத்திருக்கிறார்கள். வெர்மீர் வரைந்த ஓவியம் ஒன்றும் போனது. ஆனால் டிஷியனின் ஒரு பெரிய ஓவியத்தை விட்டுவிட்டு, நெப்போலியன் படைக்கொடியின் உச்சியில் இருந்த வெண்கலக் கழுகைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் புரியவில்லை. 1 கோடி டாலர் சன்மானம் அறிவித்தும் ஒரு பொருள்கூடத் திரும்பவில்லை. காட்சி அமைப்பை மாற்றக்கூடாது என்று மியூசியத்தை நிறுவிய இசபெல்லா உயில் எழுதிவைத்திருப்பதால், காலி ஃப்ரேம்கள் அங்கேயே தொங்குகின்றன.

இதில் யாரும் சாகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? என் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்த நண்பர் கேட்டதும் இதைத்தான்: "காவலாளியை எதுக்குக் கொன்னே? அவன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான், பாவம்." த்ரில்லர் என்றால் சீக்கிரம் ஒரு பிணம் விழவேண்டும், அதனால் கொன்றேன். வேறு காரணம் என்னிடம் இல்லை. அந்த ஒரு கேள்வியில் மூன்று வாரம் எழுத்து நின்றுபோனது.

மறுபடி எழுதவைத்தது கெண்ட் நகரம். பெல்ஜியத்தில், செயின்ட் பாவோ தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்களின் பெரிய பலிபீட ஓவியம் இருக்கிறது. 1934 ஏப்ரலில் ஓர் இரவு அதன் இரண்டு பலகைகள் காணாமல் போயின. 10 லட்சம் பெல்ஜிய பிராங்க் கேட்டுக் கடிதம் வந்தது, நம்பவைக்க ஒரு பலகையைத் திருப்பியும் கொடுத்தார்கள். அதே வருஷம் நவம்பரில் ஆர்சேன் குடெர்டியர் என்ற பங்குத் தரகர் திடீரென்று விழுந்து, சாகும் தறுவாயில் தன் வழக்கறிஞரிடம், இன்னொரு பலகை இருக்கும் இடம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, இடத்தைச் சொல்லாமலே போய்விட்டார். மிரட்டல் கடிதங்களின் நகல்கள் அவர் மேசையில் கிடைத்தன. யார் கவனத்திலும் படாமல் தன்னாலோ பிறராலோ எடுக்கமுடியாத இடத்தில் அது இருக்கிறது என்று ஒரு குறிப்பும் இருந்தது. அவ்வளவுதான். இன்று தேவாலயத்தில் அந்தப் பலகையின் இடத்தில் இருப்பது நகல்.

எந்தக் கொலையும் இல்லாமல், ஒரு சாதாரணச் சாவு ஒரு கதையை எத்தனை வருஷம் இழுக்கிறது பாருங்கள். என் புத்தகத்தில் சாகவேண்டிய ஆள் யார் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. திருடும்போது குறுக்கே வந்தவனைக் கொல்வதில் ஒன்றுமில்லை. ஒளித்துவைத்தவனைக் கொல்லவேண்டும், அதுவும் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் இடம் தெரியும் என்பது தெரியாமல் கூட்டாளியே கொல்லவேண்டும். துப்பறிகிறவருக்கு முன்னால் கொலைகாரனே துப்புத் தேடி அலைவான்.

ஆக, காவலாளி பிழைத்துவிட்டார். மூன்றாவது அத்தியாயத்தில் வாயில் ஒட்டிய டேப்போடு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் சாட்சி சொல்ல வருவார். வாடகை அறையில் உட்கார்ந்திருந்தவன் ஒன்பதாம் அத்தியாயத்தில் காலி. ஓவியத்தை அவன் எங்கே வைத்தான் என்பதை நான் இன்னும் யோசிக்கவில்லை, அதற்குள் அவசரப்பட்டுக் கொன்றுவிட்டேன்.